ராணிகஞ்ச் சுரங்கம் தாகூர் குடும்பத்தோடதா?

அடுத்த கேள்வி. "ரவீந்திரநாத் தாகூர் வீட்டுக்கு நிலக்கரிச் சுரங்கம் இருந்துச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா சார்? அது இப்ப யார்கிட்ட இருக்கு?"

நிஜம்தாங்க. ஆனா அது அவரோட தாத்தா துவாரகநாத் தாகூர் வாங்கினது. கல்கத்தாவுல 'கார், தாகூர் அண்ட் கம்பெனி'ன்னு 1834ல ஆரம்பிச்சாங்க. கார்னதும் வண்டின்னு நினைச்சுடாதீங்க, வில்லியம் கார்ங்கிற வெள்ளைக்காரர், கூட்டாளி. வங்காளத்துல இருக்கற ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தை வச்சிருந்த அலெக்சாண்டர் கம்பெனி திவாலாயிடுச்சு. அந்தச் சுரங்கத்தை 1836ல 70,000 ரூபாய்க்கு துவாரகநாத் வாங்கினார்.

ஏன் வாங்கினார்ங்கறதுதான் விஷயம். ஹூக்ளி ஆத்துல பாய்மரக் கப்பலை இழுத்துட்டு வர நீராவிப் படகு விடுற தொழிலும் இவங்க கையில இருந்துச்சு. அந்தக் கொதிகலனுக்குக் கரி வேணும். சொந்தச் சுரங்கத்துக் கரி, சொந்தப் படகுக்கு. கெட்டிக்காரத்தனம் பாருங்க!

ஆனா கரியை வெட்டறது பெரிசில்ல, கல்கத்தாவுக்குக் கொண்டு வர்றதுதான் பெரும்பாடு. ரயில் கிடையாது. தாமோதர் ஆத்துல மழைக்காலத்துல தண்ணி ஏறினாத்தான் படகு போகும். மத்த நாள்ல வெட்டின கரியைக் கரையில மலை மாதிரி குவிச்சு வச்சுட்டு, எப்படா வெள்ளம் வரும்னு வானத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். நம்ம மானாவாரி விவசாயி மாதிரிதான்!

பக்கத்துலயே கில்மோர், ஹோம்ஃப்ரேன்னு இன்னொரு கம்பெனி, ரெண்டுக்கும் கடும் போட்டி. கடைசில 1843ல ரெண்டையும் ஒண்ணாக்கி 'பெங்கால் கோல் கம்பெனி' ஆக்கிட்டாங்க. 1846ல துவாரகநாத் லண்டன்ல இறந்துட்டார். 1848 வாக்குல கல்கத்தா யூனியன் பேங்க் மூழ்கினப்போ கார், தாகூர் கம்பெனியும் சேந்து போச்சு. பெங்கால் கோல் மட்டும் தனிக் கம்பெனியா தப்பிச்சுது. 1855ல ராணிகஞ்சுக்கே ரயில் வந்துடுச்சு. அதுக்கப்புறம் ஆத்துத் தண்ணிய யாரு பாக்கப் போறா? ரவீந்திரநாத் பிறந்ததே 1861ல, அதனால அவர் கைக்கு எந்தச் சுரங்கமும் வரல.

இருபதாம் நூத்தாண்டுல பெங்கால் கோல், ஆண்ட்ரூ யூல் கம்பெனி நிர்வாகத்துல இருந்துச்சு. 1973ல தனியார் சுரங்கங்களை இந்திரா காந்தி அரசாங்கம் எடுத்துக்கிச்சு. இப்ப ராணிகஞ்ச் பகுதிச் சுரங்கங்கள் பெரும்பாலும் அரசு நிறுவனமான கோல் இந்தியாவோட ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் கையில இருக்கு.