புதிய உலகங்களுக்குக் காத்திருந்த வாரத்தில் பழைய உலகில் மரம் வெட்டினேன்

வணக்கம் நண்பர்களே. தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வரப்போகும் ஆன்லைன் விளையாட்டுகளைப் பற்றி இந்த வாரம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். பேசத்தான் போகிறேன். ஆனால் அதற்காகக் குறிப்பு எடுக்க உட்கார்ந்த வேளையில், நேரம் போக்கலாம் என்று ஒரு பழைய விளையாட்டைத் திறந்தேன். ஆறு நாட்களாகிவிட்டன, இன்னும் அதிலிருந்து வெளியே வரவில்லை. அதனால் இன்று இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். சேர்த்துப் பேச வேண்டியவைதான் என்றும் இப்போது தோன்றுகிறது.

நான் மிகவும் எதிர்பார்ப்பது 'லைட் நோ ஃபயர்'. ஹலோ கேம்ஸ் என்ற சிறிய பிரிட்டிஷ் நிறுவனம் 2023 டிசம்பரில் அதை அறிவித்தது. பூமியின் அளவுள்ள ஒரே ஒரு கிரகம். விளையாடுபவர்கள் அனைவரும் அந்த ஒன்றில்தான் இருப்பார்கள். டிரெய்லரில் ஒரு மலை தெரிகிறது. அதன் உச்சிக்கு ஏறலாம், அங்கிருந்து தெரியும் அடுத்த மலைக்கும் போகலாம். நான் அந்த டிரெய்லரை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் என் கண் போனது மலைக்கு அல்ல. டிராகன்மீது ஒருவர் பறந்து போகிறார் அல்லவா, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் யாராக இருப்பார்? கீழே இறங்கினால் என்னோடு பேசுவாரா?

இதே நிறுவனத்தின் முந்தைய விளையாட்டான 'நோ மேன்ஸ் ஸ்கை' 2016 ஆகஸ்டில் வெளியானபோது நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எண்ணி முடிக்க முடியாத அளவு கிரகங்கள். வெளியான சூட்டோடு சூடாக இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே கிரகத்தில், ஒரே இடத்துக்கு வந்து நின்றார்கள். இருவருமே நேரலையில் இருந்தார்கள். ஒருவரையொருவர் தேடினார்கள். இருவருமே அங்கே இருந்தார்கள். ஆனால் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. அவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் இரண்டு மனிதர்கள் ஒரே புள்ளிக்கு வந்து சேர்ந்தும் சந்திக்க முடியாமல் போன காட்சி எனக்கு இன்றும் வலிக்கிறது. அதன் பிறகு அந்த நிறுவனம் சோர்ந்து உட்காரவில்லை. கட்டணமே இல்லாமல் அப்டேட்டுகளைக் கொடுத்துக்கொண்டே வந்து, 2018 ஜூலையில் பலர் சேர்ந்து ஆடும் வசதியை, அதாவது முழுமையான மல்டிபிளேயரைச் சேர்த்தது. அதனால்தான் அவர்கள்மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அந்த இருவரின் கதையை மறந்திருக்க மாட்டார்கள் என்று மனதார நம்புகிறேன்.

அடுத்து, ரயட் கேம்ஸின் பெரிய ஆன்லைன் விளையாட்டு. அவர்களுடைய 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்ற விளையாட்டு நடக்கும் அதே உலகத்தில் அமையும் என்று 2020 இறுதியில் சொன்னார்கள். பிறகு 2024இல், திட்டத்தின் திசையையே மாற்றி மறுபடி தொடங்கியிருப்பதாகச் சொன்னார்கள். கேட்டபோது ஏமாற்றமாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அரைவேக்காடாக வெளியிட்டு இரண்டே வாரத்தில் மூடுவதைவிட இது நல்லது. 'கான்கார்ட்' என்ற ஆன்லைன் விளையாட்டு 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியானது. செப்டம்பர் 6 அன்று அதன் சர்வர்களை நிறுத்திவிட்டார்கள். பல ஆண்டு உழைப்பு பதினான்கு நாட்களில் முடிந்துபோனது. ஆன்லைன் விளையாட்டில் கொடுமையே இதுதான். சர்வர் நின்றால் நாம் நடந்த தெரு, நின்று பேசிய திண்ணை எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

அந்த யோசனையில்தான், இத்தனை ஆண்டுகள் அணையாமல் எரியும் விளையாட்டு எது என்று பார்க்கலாம் எனத் தோன்றியது. 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' பெயரைப் பல காலமாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், தொட்டதில்லை. ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் தொடங்கியது. பிரவுசரிலேயே ஓடிய விளையாட்டு அது. காலப்போக்கில் அதை உருவாக்கிய நிறுவனம் அதை மாற்றிக்கொண்டே போக, பழைய வடிவத்தை விரும்பியவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பிறகு ஒரு நல்ல செய்தி வந்தது. 2007 ஆகஸ்டில் எடுத்த பேக்கப் ஒன்று நிறுவனத்திடம் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்க வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். 2013 பிப்ரவரியில் அந்தப் பழைய உலகம் 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்ற பெயரில் மறுபடி திறந்தது. பெட்டியின் அடியில் கிடந்த பழைய சாவி இன்னும் பூட்டைத் திறக்கிறது என்றால் எப்படி இருக்கும், அப்படி.

சரி, உள்ளே போவோம். வழிகாட்டும் துணைக்கருவிகள் எதையும் இயக்காமல் தொடங்கினேன். முதலில் ஒரு தீவு. மரம் வெட்டவும், தீ மூட்டவும், இறால் பிடித்துச் சுடவும் கற்றுத் தருகிறார்கள். பிறகு லம்பிரிட்ஜ் என்ற கோட்டை ஊரில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். கோட்டைச் சமையல்காரர் பதற்றத்தில் இருக்கிறார், பிரபுவுக்குக் கேக் செய்ய வேண்டுமாம். முட்டை, பால், மாவு கேட்டார். மாவுக்காக நான் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். வயலுக்குப் போய்க் கோதுமைக் கதிர் பறித்தேன். காற்றாலைக்குள் நுழைந்து ஏணி ஏறி, மேல்தளத்துக்குப் போய், தானியத்தைத் தொட்டியில் கொட்டினேன். பக்கத்திலிருந்த நெம்புகோலை இழுத்தேன். மறுபடி கீழே இறங்கி வந்தால், அடியிலிருந்த பெட்டியில் மாவு விழுந்திருந்தது. கையில் காலிப் பானை இருந்தால்தான் அதை அள்ள முடியும். என்னிடம் பானை இல்லை. பானை தேடி ஓடினேன். இதை எழுதியவருக்குக் கோதுமை எப்படி மாவாகிறது என்பதில் உண்மையான அக்கறை இருந்திருக்கிறது. இன்றைய விளையாட்டு ஒன்றாக இருந்தால், வயலில் கதிரைத் தொட்டதுமே மாவு பைக்குள் வந்திருக்கும்.

இரண்டாம் நாள் ஒரு மாதச் சந்தா கட்டினேன். அன்றே செத்தும் போனேன். வடக்கே வாராக் என்ற பெரிய நகரம் இருக்கிறது. அதன் தெற்குப் பக்கத்தில் ஒரு கல்வட்டம். அங்கே கறுப்பு அங்கி அணிந்த மந்திரவாதிகள் நிற்கிறார்கள், பக்கத்தில் போனாலே தாக்குவார்கள். எனக்குத் தெரியாது. நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டேன், கண் விழித்தால் லம்பிரிட்ஜில் நிற்கிறேன். இறந்தால் நம்மிடமிருந்த மதிப்பான மூன்று பொருள்கள் நம்மோடு வரும். மற்றவை விழுந்த இடத்தில் ஒரு கல்லறையில் கிடக்கும். 15 நிமிடத்துக்குள் போய் எடுக்க வேண்டும். ஓடினேன். கல்வட்டத்தின் ஓரம்வரை வந்துவிட்டேன், கல்லறை கண்ணுக்குத் தெரிகிறது, அதன் பக்கத்திலேயே மந்திரவாதி நிற்கிறான்.

அப்போது பச்சைக் கவசம் அணிந்த ஒருவர் வந்தார். இந்த விளையாட்டில் யாராவது பேசினால், அந்தச் சொற்கள் அவர் தலைக்கு மேலே மஞ்சள் எழுத்தில் சில நொடிகள் நின்று மறைந்துவிடும். "உங்கள் கல்லறையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் அவனோடு சண்டை போடுகிறேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மந்திரவாதியை அவர் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் உள்ளே நுழைந்து என் பொருள்களை எடுத்தேன். அதில் இருந்தவை ஒரு வெண்கலக் கோடரி, நாலைந்து சுட்ட இறால், அந்தப் பானை. நன்றி என்று நான் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் அவர் நகர வாயிலைத் தாண்டிப் போய்விட்டார். என் நன்றி என் தலைக்கு மேலேயே நின்று மறைந்தது. இவ்வளவு காலமாக டிராகன்மீது பறந்து போகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் இல்லையா, அவரை அன்று இங்கே கண்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் மரம் வெட்டத் தொடங்கினேன். டிரெய்னார் என்ற கிராமத்தில் நீர்க்கரையில் வில்லோ மரங்கள் நிற்கின்றன. மரம்வெட்டும் திறன் லெவல் 30 வந்தால் அவற்றை வெட்டலாம். முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டை கிடைக்கும்போதும் மரம் சாய்ந்துவிட வாய்ப்பு இருந்தது. அதனால் பக்கத்தில் நிற்பவர் போட்டியாளர். 2023இல் இதை மாற்றினார்கள். இப்போது ஒரே மரத்தைச் சேர்ந்து வெட்டினால் எல்லோருக்கும் கட்டை சற்று எளிதாகக் கிடைக்கும். ஒருவர் வந்து நின்றால் எனக்கு நட்டம் என்றிருந்த கணக்கு, அவர் வந்தால் எனக்கும் லாபம் என்று மாறிவிட்டது. விதியில் இவ்வளவு சின்ன மாற்றம், ஆனால் நீர்க்கரையின் மனநிலையே வேறாகிவிடுகிறது. நான் ஒரு மரத்தடியில் தனியாக நின்றால் யாராவது தாமாகவே வந்து சேர்ந்துகொள்கிறார்கள். நான் இன்னொரு மரத்துக்கு நகர்ந்தால் பின்னாலேயே வருகிறார்கள்.

இந்த விளையாட்டின் நாடித்துடிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சர்வர் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்க்கிறது. அதை 'டிக்' என்பார்கள். நடந்தால் ஒரு டிக்குக்கு ஒரு கட்டம், ஓடினால் இரண்டு. கோடரி விழுவது நான்கு டிக்குக்கு ஒருமுறை, அதாவது 2.4 நொடி. முதல் நாள் இது மந்தமாகத் தெரிந்தது. நான்காம் நாள் என் மூச்சே அந்தக் கணக்கில் போவதுபோல் இருந்தது. இணைய இணைப்பு கொஞ்சம் தடுமாறினாலும் இங்கே பெரிய பாதிப்பு இல்லை. கை வேகம் உள்ளவர் மட்டுமே ஜெயிக்க முடியும் என்ற நிலையும் இல்லை. முக்கியமாக, இரண்டு வெட்டுகளுக்கு நடுவே பேச நேரம் இருக்கிறது. சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகளில் நான் பல நூறு பேருடன் ஆடியிருக்கிறேன். அவர்களில் ஒருவரிடமும் "நீங்கள் எப்போதிலிருந்து விளையாடுகிறீர்கள்?" என்று கேட்கும் அளவுக்கு எனக்கு நேரம் இருந்ததில்லை. இங்கே கேட்டேன். ஒருவர் பள்ளிப் பருவத்தில் தொடங்கியவர், இப்போது தன் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வந்து மரம் வெட்டுகிறார்.

இன்னொன்று என்னை அசத்தியது. பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் விளையாடுபவர்களின் வாக்கெடுப்புக்குப் போகின்றன. முன்பு 75 சதவீத ஆதரவு வேண்டும். 2022இல் அதை 70 ஆக்கினார்கள். 2019இல் 'வார்டிங்' என்ற புதிய திறனைக் கொண்டுவரப் பார்த்தார்கள். பெரும்பான்மையினர் ஆதரித்தும் 75ஐத் தொடவில்லை, கைவிட்டுவிட்டார்கள். அதுவரை எவ்வளவு வேலை செய்திருப்பார்கள்! ஆனாலும் கைவிட்டார்கள். பிறகு 2023இல் கடலோடும் திறனுக்கு ஆதரவு கிடைத்து, 2025 நவம்பரில் 'செய்லிங்' வந்து சேர்ந்தது. நான் இன்னும் படகில் ஏறவில்லை. நீர்க்கரையில் நிற்கும்போது எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், தங்கள் ஊர் ஆற்றில் பாலம் கட்டியவர்கள் பேசுவதுபோல.

எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு திறனில் உச்சமான லெவல் 99ஐத் தொட 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். லெவல் 92 வரும்போதுதான் கிட்டத்தட்ட பாதி தூரம் முடிந்திருக்கும். தனி ஆளாக, யாரும் இல்லாத மூலையில் இதைச் செய்ய வேண்டியிருந்தால் எனக்கு வெறும் பாரமாகத்தான் இருக்கும். சுரங்கத்தில் தனியே செம்பு வெட்டிய ஒன்றரை மணி நேரம் அப்படித்தான் இருந்தது, மணிக்கட்டும் வலித்தது. பொய் விளம்பரம் செய்து ஏமாற்றும் கூட்டமும் உண்டு. "உங்கள் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அங்கே அது வெகு காலமாக நடக்கும் மோசடி.

கருத்துப் பகுதியில் பலர் கேட்டது: இத்தனை ஆண்டு கழித்து இப்போது தொடங்கினால் தாமதமாகிவிடாதா? ஆகாது. நான் தொடங்கிய அன்றே தீவில் என்னோடு இறால் கருக்கியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு பகுதி இலவசம். போனிலும் ஓடும், கணினியில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

இனி லைட் நோ ஃபயர் பற்றி அடுத்த செய்தி வரும்போது நான் தேடப்போவது வேறு. கிரகம் எவ்வளவு பெரியது என்பது இப்போது எனக்கு இரண்டாம் பட்சம். அவ்வளவு பெரிய நிலத்தில் இரண்டு பேர் தற்செயலாக எங்கே சந்திப்பார்கள்? சந்தித்தால், ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் நிற்பதற்கு என்ன காரணம் இருக்கும்? கிணறு இருக்குமா, சந்தை இருக்குமா, சேர்ந்து வெட்ட ஒரு மரம் இருக்குமா? டிராகன்கள் எத்தனை நிறத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும். வில்லோ மரத்தடி மாதிரி ஓர் இடத்தை அவர்கள் யோசித்திருக்கிறார்களா என்று நான் டிரெய்லரின் ஒவ்வொரு நொடியையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கப் போகிறேன். ரயட்டின் விளையாட்டிடமும் கேட்கப்போவது இதே கேள்விதான். சண்டைக் காட்சிகளை அவர்கள் நன்றாகச் செய்வார்கள், அதில் எனக்குக் கவலை இல்லை. சண்டை இல்லாத நேரத்தில் நாம் எங்கே உட்காருவோம் என்பதைக் காட்டட்டும்.

பச்சைக் கவசக்காரரை நேற்று இரவு மறுபடி பார்த்தேன், நண்பர்களே. டிரெய்னார் நீர்க்கரையில், நான் வெட்டிக்கொண்டிருந்த அதே மரத்துக்கு வந்து நின்றார். இந்த முறை நன்றியைச் சரியான நேரத்தில் சொல்லிவிட்டேன். அவருக்கு என்னை நினைவில்லை, கல்லறையை மட்டும் நினைவிருந்தது. இன்று இதே நேரத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், எந்த உலக எண், அதாவது எந்த சர்வர் என்று குறித்தும் வைத்திருக்கிறேன். இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது. நான் கோடரியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், வணக்கம்.