வயிற்றுவலி என்று சொன்ன பிள்ளை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 வருடம் இடைநிலை ஆசிரியராக இருந்தவள் நான். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல்நலத்தையும் உறவுகளையும் பற்றி எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நிறையச் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு வார்த்தை கொடுங்கள். வாய்ப்பாடு கொடுக்கிறோம், ஆத்திசூடி கொடுக்கிறோம். தன் உடம்பில் எங்கே வலிக்கிறது, மனசில் என்ன பயம் என்று சொல்வதற்கு மட்டும் வார்த்தை கொடுக்க மறந்துவிடுகிறோம்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். இரண்டாம் வகுப்பு. தினமும் பதினொரு மணி ஆனால் போதும், என் மேசைக்கு வந்து நிற்பாள். "டீச்சர், வயிறு வலிக்குது." காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் நிறைய இருந்த காலம் அது. காலை உணவுத் திட்டம் வந்தது 2022-இல்தானே. நானும் பசி என்றுதான் நினைத்தேன். பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன், சாப்பிட்டாள். மறுநாளும் அதே வலி. ஓமத் தண்ணீர் கொடுத்தோம், அம்மாவிடம் சொல்லிப் பூச்சி மாத்திரை கொடுக்கச் சொன்னோம். மூன்று வாரம் இப்படியே போனது. வீட்டுப்பாடம் எழுதாததற்குச் சாக்கு சொல்கிறாளோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அப்படி நினைத்தது இன்றைக்கும் மனசை உறுத்துகிறது.

ஒரு நாள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த நர்சம்மா வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து, காதோடு காதாக, "ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா கண்ணு?" என்று கேட்டார். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் தலையை ஆட்டினாள். சிறுநீர்த் தொற்று.

எதனால் வந்தது தெரியுமா? எங்கள் பள்ளிக் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. யாராவது திறந்துவிடுவார்கள் என்று பயந்து காலையிலிருந்து நாலு மணி வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அடக்க வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. அன்று சாயங்காலமே ஆசாரியைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டோம். அரை மணி நேர வேலை.

திரும்பி வரும்போது கேட்டேன், "ஏன்டா தங்கம், டீச்சர்கிட்ட முன்னாடியே சொல்லலை?" அவள் சொன்ன பதில்தான் என்னை இன்று இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறது. "அது 'சீ' டீச்சர். அதைச் சொல்லக் கூடாது."

அந்த இடத்துக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே பெயர் 'சீ'. யோசித்துப் பாருங்கள், கைக்குழந்தையிலிருந்து நாம் என்ன சொல்கிறோம்? "சீ, கையை எடு." "சீ, மூடு." மூக்கு, காது, தொப்புள் எல்லாவற்றையும் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த இடம் வந்ததும் 'சீ' என்கிறோம். பிள்ளை அதையே பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. பெயர் சொல்ல முடியாத வலி எல்லாம் கடைசியில் வயிற்றுவலி ஆகிவிடுகிறது. ஒன்றுக்கு முட்டுவதும் வயிற்றுவலி, பக்கத்து வீட்டு அண்ணனைக் கண்டு பயப்படுவதும் வயிற்றுவலி. இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்கள், அப்பாக்கள், உங்கள் பிள்ளை அடிக்கடி வயிற்றுவலி என்றால், ஓமத் தண்ணீர் கொடுத்த கையோடு பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதத்திலேயே, தலை, கழுத்து, முழங்கை என்று உடல் உறுப்புப் பாடம் நடத்தும்போது பிறப்புறுப்பு என்ற வார்த்தையையும் அதே குரலில் சேர்த்துச் சொல்லிவிடுவேன். முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் நாளும் கொஞ்சம் சிரிப்பு இருக்கும். மூன்றாம் நாள் அது முழங்கை மாதிரி ஆகிவிடும். வண்ணத்துப்பூச்சி, கம்பளிப்பூச்சி என்று சொல்ல வருகிற வாய்க்கு இதுவும் வரும். வார்த்தையில் அசிங்கம் எதுவும் கிடையாது, நம் குரலில்தான் அது ஏறுகிறது.

சட்டத்துக்கும் இந்த வார்த்தை தேவைப்படுகிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம், பிள்ளை சொல்வதைப் பிள்ளை இருக்கும் இடத்துக்கே போய்ப் பதிவு செய்யச் சொல்கிறது. வருகிற காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. பிள்ளை நம்புகிற ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். பிள்ளை எப்படிச் சொன்னதோ அப்படியே எழுத வேண்டும். இவ்வளவு தூரம் சட்டம் இறங்கி வந்து நிற்கும்போது, சொல்வதற்குப் பிள்ளையிடம் 'சீ' மட்டும் இருந்தால் என்ன எழுதுவார்கள்?

சரி, தொடுதல் பற்றிச் சொல்கிறேன். 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்று பல பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "ஊசி போடுறது கெட்ட தொடுதலா டீச்சர்?" என்றான். அவன் கேட்டது நியாயம். பிள்ளைக்குக் கெட்டது என்றால் வலிப்பது. தப்பான எண்ணத்தோடு வருகிறவர் வலிக்கிற மாதிரியா தொடுவார்? மிட்டாயோடு வருவார், செல்லம் கொஞ்சுவார். அது மட்டுமில்லை, 'கெட்ட' என்ற சொல் தொடப்பட்ட பிள்ளையின் மேலும் ஒட்டிக்கொள்ளும், "நான் கெட்டுப்போயிட்டேனா?" என்று. அதனால் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பில்லாத தொடுதல் என்று மாற்றிக்கொண்டேன். "இதை யார்கிட்டயும் சொல்லாதே" என்று யாராவது சொன்னால், அதை உடனே வந்து சொல்ல வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

வெளியாட்களைப் பற்றி மட்டும் பயமுறுத்தினால் போதாது. 2007-இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் பிள்ளைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். இதைக் கவனியுங்கள், ஆண் பிள்ளைகள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். அப்படியிருக்க, "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு, குடுத்தாத்தான் நல்ல பிள்ளை" என்று வற்புறுத்துவது சரியா? பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வணக்கம் சொல்லட்டும். மாமா கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை.

வகுப்பில் ஒரு வேலை செய்வோம். நோட்டில் கையை வைத்து வரைந்து, ஒவ்வொரு விரலிலும் 'எதையும் சொல்லலாம்' என்று நம்புகிற ஒருவரின் பெயரை எழுத வேண்டும். ஒரு பையன் கட்டைவிரலில் சத்துணவு ஆயாவை எழுதினான். இன்னொரு பிள்ளை இரண்டு விரலை நிரப்பிவிட்டு மற்ற மூன்றையும் வெறுமனே விட்டிருந்தாள். மூன்றாவது விரலில் என் பெயரை எழுதிக்கொள்ளலாமா என்று நானே கேட்டேன். யோசித்துவிட்டுத்தான் சரி என்றாள். அப்படி யோசித்தது எனக்குப் பிடித்திருந்தது. எந்த விரலும் கிடைக்காத பிள்ளைக்கு 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் இருக்கிறது, காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். 1098.

நட்பைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன். காய் விடுவது, பழம் விடுவது நம் பிள்ளைகள் தாங்களே வைத்திருக்கும் ஏற்பாடு. கோபத்தைக் கையை ஓங்காமல் சொல்ல ஒரு வழி, திரும்பிச் சேர ஒரு வழி. ஆசிரியர் நடுவில் புகுந்து "மன்னிப்புக் கேளு" என்று மிரட்டாமல், "ஏன் காய் விட்டே?" என்று கேட்டால் போதும், அவர்களே சொல்வார்கள். நேரம் ஆகிவிட்டதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அரசின் புதுயுகம் திட்டத்தில் பத்து வயதிலிருந்தே நாப்கின் கொடுக்கிறார்கள். பத்து வயது என்றால் உங்கள் வகுப்புப் பிள்ளைதான். மாதவிடாய் பற்றி ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, செத்துப்போய்விடுவேனோ என்று அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். வருவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். பையன்களை வெளியே அனுப்பாதீர்கள், அவர்களும் உட்கார்ந்து கேட்கட்டும்.

நம்பரை இன்னொரு தடவை சொல்கிறேன், அடுப்படிக் காலண்டரிலாவது எழுதி வையுங்கள். பத்து, தொண்ணூற்றெட்டு. 1098. வணக்கம்.