மாங்கா போடுற பையனை டீம்ல இருந்து விரட்டாதீங்க!

[காட்சி: மண்டபம் கடற்கரை, சாயங்காலம், டென்னிஸ் பால் மேட்ச்]

"டேய், மாங்கா போடுறான்டா! நோ பால்!"

தொண்டியில இருந்து ஏர்வாடி வரைக்கும் எந்தக் கடற்கரை மேட்ச்லயும் கேக்குற சத்தம் இது. மாங்கான்னா, கையை மடக்கிப் பந்தை எறியிறது. கிரிக்கெட்ல முழங்கை 15 டிகிரிக்கு மேல நிமிர்ந்தா தப்பு. ஆனா மாங்காவையே தொழிலா வச்சிருக்கிற ஒரு ஆட்டம் இருக்கு மக்களே. பேஸ்பால்! அங்க அந்தப் பையன் பேரு பிட்சர். (நமக்கு பிட்ச்னா தரை. அவங்களுக்கு பிட்ச்னா எறியிறது. குழம்பிக்காதீங்க.)

பின்னணியை வேகமா முடிச்சிருவோம். பிட்சர் நிக்கிற இடத்துல இருந்து அடிக்கிறவர் நிக்கிற இடம் வரைக்கும் தூரம் 18.44 மீட்டர். பந்து 142ல இருந்து 149 கிராம், கிரிக்கெட் பந்தைவிட லேசு. ஓடி வந்து போட முடியாது. 2008ல உத்தரப் பிரதேசத்துல ஈட்டி எறிஞ்சுக்கிட்டு இருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல்னு ரெண்டு பேரு ஒரு போட்டியில தேறி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ்ங்கிற அமெரிக்க பேஸ்பால் டீம் கூட ஒப்பந்தம் போட்டாங்க. போதும், விஷயத்துக்கு வருவோம்.

[காட்சி: வீச்சுவலை, மெதுவான ஓட்டத்தில்]

ஓடாம எப்படி வேகம் வருது? பாம்பன் பக்கம் வீச்சுவலை போடுற அண்ணனைப் பாருங்க. ஓரம் முழுக்க ஈயக்குண்டு. கையை மட்டும் வச்சு வீசினா காலடியிலயே பொத்துன்னு குவிஞ்சு விழும். அவர் என்ன பண்றார்? பின்கால்ல பாரத்தை ஏத்துறார். இடுப்பு திரும்புது. கவனிங்க, இடுப்பு திரும்பிருச்சு, தோள் இன்னும் பின்னாடியே நிக்குது. துணி பிழியிற மாதிரி உடம்புல ஒரு முறுக்கு. அந்த முறுக்கு அவிழும்போதுதான் தோள் வருது, கடைசியா கை. வலை வட்டமா விரியுது!

பிட்சருக்கும் அதே வரிசைதான்: பின்கால் உந்தல், முன்கால் ஊன்றல், இடுப்பு, நெஞ்சு, தோள், முழங்கை, விரல். இடுப்பும் நெஞ்சும் ஒண்ணா திரும்பிட்டா முறுக்கே இல்ல. மொத்த வேலையும் கை தலையில விழும். வலது கைப் பையன்னா பந்து மேலயும் வலப்பக்கமும் பறக்கும். முழங்கையும் தொங்கிப் பின்தங்கும்.

மொபைல்ல ஸ்லோ மோஷன் எடுங்க. முன்கால் தரையைத் தொடுற அந்த நொடியில நிறுத்துங்க. முழங்கை தோள் உயரத்துல இருக்கணும், நெஞ்சு இன்னும் பக்கவாட்டைப் பாக்கணும். அப்படி இருந்தா பையன்கிட்ட விஷயம் இருக்கு.

இன்னொண்ணு, கடற்கரை மணல்ல இதைப் பழக்காதீங்க. முன்கால் புதைஞ்சு முட்டி மடங்கிரும், காலை ஊன்றி நிறுத்தவே வராது. காஞ்ச கண்மாய்த் தரை அருமையான இடம். ஆட்டத்துல 25 சென்டிமீட்டர் மேட்டுல நின்னு எறிவாங்க. ஆரம்பத்துல அது வேண்டாம், சமதரையே போதும்.

(வீச்சுவலைக்காரங்க யாராவது பாத்துக்கிட்டு இருந்தா, இடுப்பு முதல்லயா தோள் முதல்லயான்னு கமெண்ட்ல சண்டைக்கு வாங்க.)

பிடி: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்க, கட்டைவிரல் அடியில. உள்ளங்கையில அமுக்காதீங்க. முதல்ல நேர்ப்பந்து, அடுத்து அதே கைவீச்சுல மெதுவா போற பந்து. வளையிற பந்து பொறுத்து வரட்டும்.

இப்போ கோபம் வர்ற இடம். நம்ம ஊர் டோர்னமென்ட்ல நல்லா எறியிற பையனையே காலையில இருந்து இருட்டுற வரைக்கும் போட வைப்பாங்க. அமெரிக்காவுல 13, 14 வயசுப் பையனுக்கு ஒரு நாளைக்கு உச்சபட்சம் 95 பந்துன்னு வழிகாட்டுதல் இருக்கு. 66ஐத் தொட்டாலே 4 நாள் ஓய்வு. வருஷத்துல 4 மாசம் எறியவே கூடாது. ஏன்னா அந்த வயசுல முழங்கை எலும்போட வளர்ற பகுதி இன்னும் கெட்டிப்படல. பெரியவங்களுக்கு உள்பக்கத் தசைநார் கிழியும். 1974ல ஃபிராங்க் ஜோப்னு ஒரு டாக்டர் டாமி ஜான்ங்கிற பிட்சருக்குச் செஞ்ச ஆபரேஷன் அதுக்குத்தான். முழங்கை உள்பக்கம் வலிக்குதுன்னு பையன் சொன்னா அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஐஸ் வச்சு மறுநாள் இறக்கிவிடுறது அநியாயம்.

நாளைக்கே ஆரம்பிக்கணுமா? பக்கத்துல பக்கத்துல ரெண்டு கம்பு நடுங்க, நடுவுல 43 சென்டிமீட்டர் இடைவெளி. பையனோட முட்டி உயரத்துல ஒரு கயிறு, நெஞ்சு உயரத்துல ஒரு கயிறு. 20 பந்து. எத்தனை உள்ள போச்சுன்னு நோட்டுல எழுதுங்க. வேகத்தை அப்புறம் பாத்துக்கலாம்.