அக்கா ரிப்போர்ட்டும் என் ரிப்போர்ட்டும் | பாம்பன்

வணக்கம் மக்களே. பாசி காயப்போடும் வீடியோ இன்றைக்கு இல்லை, மனசு சரியில்லை. நேற்று அக்காவும் நானும் ராமநாதபுரம் போய் ஈஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோனில் முக்கியமான வகை) டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தோம். போனில் கேட்டபோது ஆளுக்கு 600 ரூபாய் என்றார்கள். ரத்தம் எடுத்த பிறகு 850! இரண்டு பேருக்கும் சேர்த்து 500 ரூபாய் கூட. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறை இடுக்கில் மரிக்கொழுந்துப் பாசி பிய்க்கிறவர்களுக்கு அந்த 500 என்னவென்று தெரியும். "முதலிலேயே சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். பில் போட்ட பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். அக்காவைத்தான் பார்த்திருக்கிறீர்களே, ஈர்க்குச்சி உடம்பு. நான் பூசின உடம்பு. இரண்டு பேருக்குமே தீட்டு நின்று வருஷமாகிவிட்டது. அதன் பிறகு சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் பெரிதாக வராது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி கொடுக்கும் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனைக் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். அப்படியானால் எனக்குத்தானே கூட இருக்க வேண்டும்? ரிப்போர்ட்டில் ஈஸ்ட்ரடயால் அளவு எனக்கு 12, அக்காவுக்கு 14!

சொந்தக்காரர் ஒருவர், "உட்கார்ந்து தின்றால் ஹார்மோன் எங்கே வரும்?" என்றார். விடிவதற்குள் கடலில் இறங்குகிறவளைப் பார்த்து! அழுகையே வந்துவிட்டது.

டாக்டரம்மாதான் பொறுமையாகச் சொன்னார். அந்த மாற்றும் வேலையைச் செய்வது அரோமட்டேஸ் என்சைம். அதற்கான மரபணு சிஒய்பி19ஏ1, 15-வது குரோமோசோமில் இருக்கிறது. அதில் பலருக்கும் இருக்கிற சின்ன வேறுபாடுகளாலேயே ஈஸ்ட்ரடயால் 10 முதல் 20 சதவீதம் வரை கூடிக் குறையுமாம். கூடப்பிறந்தவர்களுக்கும் அந்த வேறுபாடுகளில் ஏறக்குறைய பாதிதான் ஒத்துப்போகும். எங்கள் விஷயத்தில் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அது மட்டும்தான் என்று அவர் சொல்லவில்லை.

அய்யோ, ஒன்றை விட்டுவிட்டேன். கல்லீரல் செய்கிற எஸ்எச்பிஜி என்ற புரதம் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சுற்றும். பிடிபடாத கொஞ்சம்தான் உடம்புக்கு உடனே உதவும். அந்தப் புரதத்தின் அளவிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு, அது 17-வது குரோமோசோம். இதைக் கேட்டதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேயும் என்பதால் அடுத்த வாரம் எலும்பு ஸ்கேன். இந்த முறை விலையைத் தாளில் எழுதி வாங்கிய பிறகுதான் உள்ளே காலை வைப்பேன்.