பழைய மின்சாரக் கார் ரெண்டாவது காரா? ராத்திரி எங்க நிறுத்துவீங்க?

வணக்கம். போன காணொளிக்குக் கீழ வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை விட்டுப் போகவே இல்ல. செபராங் ஜெயா அடுக்குமாடியில 9வது மாடியில இருக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "அண்ணா, வீட்டுக்காரர் எங்க மைவி காரை எடுத்துக்கிட்டு பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போயிடுறார். பிள்ளைங்க ஸ்கூல், பசார், புக்கிட் மெர்தாஜாம்ல அம்மா வீடுன்னு எனக்கு ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டம். பழைய நிசான் லீஃப், 24 கிலோவாட் அவர் பேட்டரி, 26,000 வெள்ளி சொல்றாங்க. மீட்டர்ல 70,000 கிலோமீட்டர்தான். எடுக்கலாமா?"

வழக்கமா பார்க்கிறவங்களுக்கு நான் முதல்ல என்ன சொல்வேன்னு தெரியும். மீட்டரை விடுங்க, பேட்டரியைப் பாருங்க. பெட்ரோல் காருக்கு 70,000 கிலோமீட்டர்ங்கிறது ஒரு செய்தி. லீஃபுக்கு அது பாதிச் செய்திகூட இல்ல. இந்தக் கார் பேட்டரிக்குத் தனியாக் குளிரூட்டும் ஏற்பாடே கிடையாது. நம்ம ஊர் வெயில்ல, முழுசா சார்ஜ் ஏத்தி, திறந்தவெளியில நாள்முழுக்க நிறுத்தி வச்சிருந்தா, ஓடாமலே தேயும். 70,000 ஓடின கார் 1,20,000 ஓடின காரைவிட மோசமா இருக்கலாம்.

எப்படிப் பார்க்கிறது? டாஷ்போர்டு வலது ஓரத்துல, பேட்டரி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு காட்டுற 12 சின்னக் கட்டம் இருக்கும். முதல் கட்டம் போச்சுன்னா சுமார் 15 சதவீதம் தேஞ்சிருக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. 9 கட்டம் நின்னா, மிச்சம் 70 சதவீதம் பக்கம்னு வச்சுக்கலாம்.

ஆனா கட்டத்தை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. பேட்டரியைக் கணக்குப் பார்க்கிற கம்ப்யூட்டரை ரீசெட் பண்ணினா 12 கட்டமும் திரும்ப வந்து நிக்கும். சில வாரம் ஓட்டினதும் ஒண்ணொண்ணா மறையும். அதுக்குள்ள பேர் மாத்தி முடிச்சிருப்பீங்க. அதனால காரோட கம்ப்யூட்டரைப் படிக்கிற சின்னக் கருவி, ஓபிடி2 டாங்கிள், ஒண்ணு வாங்கிச் செருகி, போன்ல லீஃப் ஸ்பைங்கிற ஆப் போட்டுப் பாருங்க. எஸ்ஓஹெச்னு ஒரு எண் காட்டும், அதுதான் பேட்டரியோட ஆரோக்கியம். பக்கத்துலயே பேட்டரிக்குள்ள இருக்கிற 96 செல் ஜோடிகளோட வோல்ட் வரிசையா நிக்கும். சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கினப்புறம் அந்த வரிசையைப் பாருங்க. எல்லாம் ஒரே உயரத்துல நின்னா நல்லது. ஒண்ணு மட்டும் 100 மில்லிவோல்ட்டுக்கு மேல தனியா விழுந்தா, அந்த ஒண்ணுதான் உங்களை நடுவழியில நிறுத்தும். நிறைய சார்ஜ் இருக்கிறப்போ பார்த்தா அந்தக் குறை தெரியாது. விக்கிறவர் முழுசா ஏத்திக் கொண்டுவந்து காட்டுறதுல இதுவும் ஒரு சிக்கல்.

டாங்கிள் கிடைக்கலையா, பினாங்குப் பாலம் இருக்கே! 13.5 கிலோமீட்டர், போய் வந்தா 27. ஏர்கான் போட்டு ஓட்டினா சுமார் 4 யூனிட், அதாவது 4 கிலோவாட் அவர், செலவாகும். பேட்டரி ஆரோக்கியம் 70 சதவீதம் இருந்தா உள்ள பயன்படக்கூடியது 15 யூனிட். அப்போ 80 சதவீத சார்ஜ்ல கிளம்பினா 55 சதவீதம் பக்கம் திரும்பி வரணும். 40க்கு இறங்கிச்சுன்னா பேரம் பேசாம சாவியைக் கொடுத்துட்டு வந்துடுங்க.

அப்புறம் 12 வோல்ட் சின்ன பேட்டரி. அது செத்தா பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தாலும் கார் எழுந்திருக்காது. நல்ல வேளை, மாத்துறது சுலபம். கார்ப்பெட்டைத் தூக்கி சீட் தண்டவாளத்துல துரு இருக்கான்னும் பாருங்க, வெள்ளத்துல நின்ன கார் அங்கதான் காட்டிக்கொடுக்கும்.

பெட்ரோல் மிச்சமாகும்னு நிறைய பேர் கணக்குப் போடுறீங்க. அரசாங்கத்தோட மானிய பெட்ரோல், பூடி 95ல, லிட்டர் 1 வெள்ளி 99 காசுன்னு வச்சா, 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கிற சின்னக் காருக்கு 12 வெள்ளி. லீஃபுக்கு 15 யூனிட், யூனிட் 50 காசுன்னா ஏழரை வெள்ளி. மாசம் 1,000 கிலோமீட்டருக்கு 45 வெள்ளிதான் மிச்சம். பேட்டரி மாத்துற நிலைமை வந்தா அத்தனை வருஷ மிச்சமும் ஒரே பில்லுல போயிடும். மறுபடியும் சொல்றேன், மீட்டரை விடுங்க, பேட்டரியைப் பாருங்க.

ஆனா தங்கச்சி, நீங்க கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. எனக்கு அதுதான் பெருசு. ராத்திரி அந்தக் கார் எங்க தூங்கும்? தரை வீடுன்னா போர்ச்சுல ஒரு பிளக் போதும். 10 ஆம்பியர் கேபிள்ல மணிக்கு 2.2 யூனிட் ஏறும், விடியறதுக்குள்ள நிறைஞ்சுடும். எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் வேண்டாம். பழைய வீடுன்னா பதிவு பெற்ற வயர்மேனை வச்சு அந்தப் பிளக்குக்குத் தனி லைன் இழுங்க. முதல் நாள் அரை மணி கழிச்சு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடுன்னா உடனே நிறுத்திடுங்க.

உங்களுக்கு 9வது மாடி. வெளியில போய் ஏத்தலாம்னா, அந்த லீஃபோட வேக சார்ஜ் துளை சாடெமோங்கிற பழைய வகை. இப்ப புதுசா வர்ற நிலையங்கள்ல பெரும்பாலும் சிசிஎஸ்2ங்கிற வேற வகைத் துப்பாக்கிதான், உங்க காருல நுழையாது. அம்மா வீட்ல ஏத்தலாம்னு தோணும். வாரம் 6 நாள், 240 கிலோமீட்டர். ஒரு ராத்திரி நிறுத்தினா, ஆரோக்கியம் 70 சதவீதம் இருக்கிற பேட்டரி தரக்கூடியது அதிகபட்சம் 100 கிலோமீட்டர். ரெண்டு ராத்திரி போதாது, மூணு ராத்திரி கார் அங்க தங்கணும். நீங்க எப்படி வீடு திரும்புவீங்க?

அதனால காரைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி உங்க மெனேஜ்மென்ட் ஆபீசுக்குப் போங்க. உங்க பார்க்கிங்ல தனி மீட்டரோட ஒரு பிளக் வைக்க அனுமதி கேளுங்க. வாய்வார்த்தை வேண்டாம், கடிதமா வாங்குங்க. கடிதம் கைக்கு வந்தப்புறம் லீஃப் ஸ்பை படத்தை எனக்கு அனுப்புங்க, அந்த 96 செல் ஜோடியையும் சேர்ந்தே பார்ப்போம்.