இராவணன் வெட்டில நிக்கேக்க வாற அந்த எண்ணம்: ஓசிடி எண்டா என்ன?

[காட்சி: திருகோணமலை, கோணேசர் கோயில் மலை. கீழ கடல். அலைச் சத்தம்.]

கோயில்ல கும்பிட்டுட்டு இராவணன் வெட்டுப் பக்கம் வந்து நிக்கிறீங்கள். கையில உங்கட ஒரு வயசுப் பிள்ளை. கீழ அலை அடிக்குது. திடீரெண்டு ஒரு எண்ணம்: "இப்ப நான் பிள்ளையைக் கீழ போட்டுட்டா?"

நெஞ்சு திக்கெண்டுது. பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு பின்னால வாறீங்கள். "சீ, ஒரு தாய்க்கு வரக்கூடிய நினைப்பா இது?"

வரும். கனபேருக்கு வருது. அப்பிடி வந்ததால உங்களுக்கு விசரும் இல்லை, நீங்கள் கெட்ட ஆளும் இல்லை. இதை வெளியில சொல்லப் பயந்து வருசக்கணக்கா உள்ளுக்க வைச்சு அழுகிற ஆக்கள் எங்கட ஊரில இருக்கினம். அவைக்காகத்தான் இந்த வீடியோ. வணக்கம் உறவுகளே, கடைசி வரைக்கும் பாருங்கோ.

[திரையில்: 1978]

லண்டன்ல ஸ்டான்லி ராக்மன், பத்மல் டி சில்வா எண்டு ரெண்டு உளவியலாளர்கள். இதில டி சில்வா எங்கட இலங்கையில பிறந்தவர், அதைச் சொல்ல எனக்கு உண்மையா சந்தோசம். எந்த வருத்தமும் இல்லாத சாதாரண ஆக்களிட்ட அவை கேட்டினம்: "நீங்கள் விரும்பாமலே அருவருப்பான, பயங்கரமான எண்ணங்கள் வாறதா?" கிட்டத்தட்ட ஐஞ்சில நாலு பேர் "ஓம்" எண்டிட்டினம்! ஆரையாவது தள்ளி விடுற எண்ணம், ஆருக்காவது காயம் செய்யிற எண்ணம். ஓசிடி எண்ட மனநோய் இருக்கிற நோயாளியளுக்கு வாற எண்ணங்களும் இதே சாதிதான். எது ஆற்ற எண்ணம் எண்டு பிரிச்சுச் சொல்ல, அந்தத் துறையில இருந்தவைக்கே சுகமா இருக்கேல்லை.

அப்ப வித்தியாசம் எங்க? எண்ணம் வந்த பிறகு நாங்கள் செய்யிற காரியத்தில.

"மருந்து குடிக்கேக்க குரங்கை நினைக்காத" எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறவை. சொன்ன உடன குரங்கு வந்து குந்தியிரும். 1987இல டானியல் வெக்னர் எண்ட அமெரிக்க உளவியலாளர் இதையே பரிசோதனையாச் செய்தார், குரங்குக்குப் பதிலா வெள்ளைக் கரடி. "நினைக்காதீங்கோ" எண்டு சொன்ன ஆக்களுக்குக் கரடி திருப்பித் திருப்பி வந்தது. நீங்களும் செய்து பாருங்கோ: அடுத்த ஒரு நிமிசம் பிரெட்ரிக் கோட்டைக்குள்ள மேயிற புள்ளி மானை நினைக்கக் கூடாது. எத்தனை தரம் மான் வந்தது எண்டு கொமெண்ட்ல போடுங்கோ.

ஓசிடியில நடக்கிறது இதுதான். எண்ணம் வரும், பயம் வரும். அந்தப் பயத்தை அடக்க ஒரு காரியம் செய்வம்: கை கழுவுறது, காஸ் சிலிண்டரைத் திருப்பிப் பாக்கிறது, மனசுக்குள்ள எண்ணுறது, மந்திரம் சொல்லுறது. ஐஞ்சு நிமிசம் ஆறுதல். "அட, கழுவினதாலதான் தப்பினன்" எண்டு மூளை படிச்சு வைச்சிருக்கும். அடுத்த தரம் இன்னும் பெலமாக் கேக்கும். தமிழில எண்ணச் சுழற்சி நோய் எண்டு சொல்லுறது சரியான பேர்.

"நானும் ஓசிடிதான், வீடு நீற்றா இருக்கோணும்" எண்டு சொல்லுறவைக்கு ஒரு வேண்டுகோள்: அப்பிடிச் சொல்லாதீங்கோ. சவுக்காரம் போட்டுப் போட்டுத் தோல் வெடிச்சு ரத்தம் வாற ஆளுக்கு அந்தச் சொல்லு வலிக்கும். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல இதில போகுது, அல்லது இதால வேலை, படிப்பு, குடும்பம் குழம்புது எண்டாத்தான் மருத்துவர்மார் இதை நோயாப் பாப்பினம். நூறு பேரில 1 முதல் 3 பேருக்கு வாழ்க்கையில எப்பவாவது வரும்.

சமயத்துக்குள்ளயும் இது பூந்துகொள்ளும். துடக்கு போகேல்லை எண்டு மூண்டு தரம் முழுகுற அக்கா. வுழூ, அதாவது தொழுகைக்கு முன்னம் கை கால் முகம் கழுவுறது, சரியா வரேல்லை எண்டு திருப்பித் திருப்பிச் செய்து தொழுகையைத் தவற விடுற கிண்ணியா நானா. முஸ்லிம் ஆக்களிட்ட அதுக்கு வஸ்வாஸ் எண்டு பேரே இருக்கு. பக்தி கூடினதால இது வாறேல்லை. ஆளுக்கு எது பெரிசோ, அதில போய் நோய் கை வைக்கும். பிள்ளையில உயிரா இருக்கிற தாய்க்குப் பிள்ளையைப் பற்றின எண்ணம் வாறதும் அதாலதான்.

மூளைக்குள்ள நெற்றிப் பக்கத்துக்கும் உள்ளுக்க இருக்கிற கோடேட் எண்ட பகுதிக்கும் இடையில ஒரு சுற்று அளவுக்கு மீறி வேலை செய்யுது. இண்டைக்கு அது போதும்.

[காட்சி: கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறு. வாளி.]

இப்ப சிகிச்சை. இதைச் சொல்லத்தான் உங்களைக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான். ஏழு கிணறு, பக்கத்தில பக்கத்தில, ஆனா ஒவ்வொண்டிலயும் சூடு வேற. சின்னனில அம்மா எங்களை நேரா ஆகச் சூடான கிணத்துக்குக் கொண்டு போகேல்லை. சூடு குறைஞ்சதில தொடங்குவம். முதல் வாளி ஊத்தேக்க "ஆ!" எண்டு கத்துவம், ஓடப் பாப்பம். ரெண்டாவது, மூண்டாவது... ஐஞ்சாவது வாளியில உடம்பு "பரவாயில்லை" எண்டும். பிறகுதான் அடுத்த கிணறு. தண்ணி ஆறினதா? இல்லை, அதே சூடுதான்.

ஓசிடிக்கான முக்கியமான சிகிச்சை இதே மாதிரி. 1966இல லண்டன்ல விக்டர் மேயர் எண்டவர் இதை எழுதி வெளியிட்டார். பயத்துக்கு முன்னால நிக்கிறது ஒரு பாதி. வழக்கமாச் செய்யிற காரியத்தைச் செய்யாமல் இருக்கிறது மற்றப் பாதி. ரெண்டாவது இல்லாட்டி முதலாவதால முழுப் பிரயோசனம் இல்லை.

கிருமிப் பயம் உள்ள ஒருத்தருக்கு இப்பிடிக் கிணறு வரிசை போடுவம். முதல் கிணறு, சொந்த வீட்டுக் கதவுப் பிடி. தொட்டுட்டுக் கழுவாமல் இருக்கோணும். பிறகு கடைக்காரர் தந்த மிச்சக் காசு. பிறகு பஸ் கம்பி. பிறகு செருப்பின்ர அடி. ஒவ்வொரு கிணத்திலயும் பயம் ஏறும், நெஞ்சு அடிக்கும், இருக்கவிடாது. அந்த இடத்திலதான் ஓடாமல் நிக்கோணும். சில நாளில பயம் இறங்கும், சில நாளில இறங்காது. இறங்காட்டியும், "இவ்வளவு பயத்தோடயும் என்னால இருக்க ஏலும், நான் பயந்தது நடக்கேல்லை" எண்டு மூளை புதுசாப் படிக்குது. அந்தப் படிப்புத்தான் மருந்து.

ஒண்டை வடிவாக் கேளுங்கோ. எந்தக் கிணறு எண்டு தெரிவு செய்யிறது நோயாளிதான், பயிற்சி உள்ள ஒருத்தரோட கதைச்சு. கையைப் பிடிச்சு இழுத்துச் செருப்பைத் தொட வைக்கிறது சிகிச்சை இல்லை, கொடுமை.

எனக்கு ஆகப் பிடிச்ச விசயம் 1992இல வந்தது. லூயிஸ் பாக்ஸ்டரும் கூட்டாளியளும் சில நோயாளியளுக்கு மாத்திரையும், வேற சிலருக்கு இந்தப் பயிற்சியும் குடுத்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் பண்ணிச்சினம். ரெண்டு கூட்டத்திலயும் சுகம் வந்தவையின்ர வலப் பக்கக் கோடேட் பகுதி அடங்கியிருந்தது! கழுவாமல் இருந்து பழகினதே மூளைக்குள்ள போய் வேலை செய்திருக்கு.

மாத்திரை: புளுவொக்ஸமின், புளுவொக்ஸட்டின், சேட்ரலின் மாதிரி. மனச்சோர்வுக்குக் குடுக்கிறதைவிடக் கூடின அளவு தேவைப்படலாம், பலன் தெரிய 8 முதல் 12 கிழமை எடுக்கலாம். ரெண்டாம் கிழமையில "சரிவரேல்லை" எண்டு நீங்களே நிப்பாட்டாதீங்கோ. இது போதை மருந்தும் இல்லை.

இனி வீட்டு ஆக்களுக்கு. "பிள்ளை, கதவைப் பூட்டினனானே?" எண்டு அம்மா கேப்பா. "ஓம் அம்மா, பூட்டினீங்கள்." பத்து நிமிசத்தில திரும்பவும் அதே கேள்வி. நாங்கள் பாசத்தில சொல்லுற அந்த "ஓம்", கை கழுவுற மாதிரித்தான் வேலை செய்யுது, ஐஞ்சு நிமிச ஆறுதல். அதுக்காகத் திடீரெண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவும் கூடாது. அம்மாவோட முதலே கதைச்சு ஒத்துக்கொண்டு, பிறகு சொல்லுங்கோ: "அம்மா, இது ஓசிடி கேக்கிற கேள்வி. பயமா இருக்கெண்டு தெரியுது. நான் பக்கத்தில இருக்கிறன், வாங்கோ தேத்தண்ணி குடிப்பம்."

அரச ஆஸ்பத்திரியில இதுக்குக் காசு கட்டத் தேவையில்லை. கொழும்பில இருக்கிற தேசிய மனநல நிறுவனத்தின்ர தொலைபேசி இலக்கம் 1926. கிளினிக்குக்குப் போக முன்னம் ஒரு கிழமை ஒரு கொப்பியில எழுதுங்கோ: என்ன எண்ணம் வந்தது, என்ன செய்தனீங்கள், எத்தனை தரம், எத்தனை நிமிசம். அந்தப் பிள்ளை எண்ணத்தையும் எழுதுங்கோ. டொக்டருக்கு முன்னால வாய் வராட்டி, கொப்பியை நீட்டினாலே போதும்.