முட்டை எப்போது வரும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

வணக்கம் மக்களே. ஹார்மோன் ஏறுகிறது, அதனால் விலங்கு இணைசேர்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை இதுதான். இன்றைக்கு அதைத் தலைகீழாகப் பார்க்கப் போகிறோம். இணைசேர்ந்த பிறகுதான் மூளை ஹார்மோனை அவிழ்த்துவிடும் என்கிற விலங்குகளும் இருக்கின்றன. உயிரியல் பாடம்தான், இருந்தாலும் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சங்கிலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. அங்குள்ள சில நரம்பு செல்கள் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விட்டு விட்டுச் சுரக்கும். அது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தொட்டால் எல்எச் என்ற இன்னொரு ஹார்மோன் வெளியே வரும். எல்எச் ஒரேயடியாக எகிறினால் சூலகத்திலிருந்து முட்டை வெளியேறும். மனிதரிலும் எலியிலும் இந்த எகிறலைக் கிளப்ப சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனே போதும். இணை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முட்டை வந்துவிடும்.

முயல் அப்படியில்லை. பெண் முயலின் உடலில் முட்டைகள் தயாராகக் காத்திருக்கும், ஆனால் இணைசேராமல் பொதுவாக வெளியே வராது. அந்தத் தொடு உணர்வு தண்டுவடம் வழியாக மூளைத்தண்டுக்கு ஏறும். ஹைப்போதலாமஸில் நார்-அட்ரினலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருள் கூடும், ஜிஎன்ஆர்எச் பாயும், பின்னாலேயே எல்எச். சுமார் பத்து மணி நேரத்தில் முட்டை வந்துவிடுகிறது. பூனையும் இந்த வகைதான், ஆனால் பல சமயம் ஒரு தடவை போதாது. அடுத்தடுத்து இணைசேர்ந்தால்தான் எல்எச் தேவையான உயரத்துக்குப் போகும்.

கீரி போலிருக்கும் சின்ன விலங்கான ஃபெரெட்டின் நிலைமைதான் பாவம். இணை கிடைக்காத பெண் ஃபெரெட் மாதக்கணக்கில் பருவத்திலேயே நிற்கும். ஈஸ்ட்ரோஜன் இறங்காமல் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, ரத்தசோகையில் உயிரே போகலாம்.

சரி, எல்லாம் தொடு உணர்வு செய்கிற வேலை என்று நினைத்தால், ஒட்டகம் வந்து கதையை மாற்றுகிறது. 1985ல் சீன ஆய்வாளர்கள் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் விந்துத் திரவமே முட்டையை வெளியேற்றும் என்று காட்டினார்கள். ஒட்டகத்தின் உறவுக்காரரான லாமாவில் அந்தத் திரவத்தைத் தசையில் ஊசியாகப் போட்டாலும் போதும், முட்டை வந்துவிடும். ஆண் விலங்கே தேவையில்லை! அப்படியானால் அதிலுள்ள ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்துதானே வேலை செய்ய வேண்டும்? அது என்ன என்பது 2012ல்தான் உறுதியானது: நரம்பு வளர்ச்சிக் காரணி. நரம்பு செல்களை வளர்த்துக் காப்பாற்றுகிறது என்று ரீட்டா லெவி-மொன்டால்சினி கண்டுபிடித்தாரே, 1986ல் நோபல் வாங்கித் தந்ததே, அதே புரதம். இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

எலிக்கு முட்டை தானாகவே வரும் என்று சொன்னேன். அதற்காக இணைசேர்வது அதன் மூளையைத் தொடாமல் விடுவதில்லை. கருப்பை வாயில் படும் சில நிமிடத் தூண்டுதலுக்குப் பிறகு, பிட்யூட்டரி தினமும் இரண்டு வேளை, அதிகாலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று புரோலாக்டின் என்ற ஹார்மோனை அள்ளி விடத் தொடங்கும். முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் உடலத்தை அது காக்கும், மஞ்சள் உடலம் கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தரும், கர்ப்பம் நிலைக்கும். ஆண் எலி மலடாக இருந்தாலும் இதே கதைதான். ஒரு கண்ணாடிக் குச்சியால் தூண்டினாலும் மூளை ஏமாந்துவிடும். கரு இல்லாமலே சுமார் பன்னிரண்டு நாள் பொய்க் கர்ப்பம். தூண்டுதல் நிமிடக் கணக்கில், நினைவு நாள் கணக்கில்!

அப்புறம் சுண்டெலி. 1959ல் ஹில்டா புரூஸ் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். இணைசேர்ந்து சில நாளே ஆன பெண் சுண்டெலி, வேறொரு ஆணின் வாசனையை முகர்ந்தால் கர்ப்பம் கலைந்துபோகிறது. அந்த வாசனை மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை ஏற்றும், டோபமின் புரோலாக்டினை அடக்கும், மஞ்சள் உடலம் கைவிடப்படும். அப்படியென்றால் சொந்த ஆணின் வாசனை ஏன் அதைச் செய்வதில்லை? இணைசேரும்போது முகர்வு மூளையில் நார்-அட்ரினலின் சுரந்து, அந்த வாசனையை அங்கேயே பதிய வைத்துவிடுகிறது. பழகிய வாசனை வந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

எலி போன்ற சின்ன விலங்கான, ஜோடியாக வாழும் புல்வெளி வோலைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். இணைசேர்ந்ததும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனும் டோபமினும் சேர்ந்துதான் ஜோடியை ஒட்டவைக்கின்றன என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். 2023ல் ஆக்ஸிடோசின் ஏற்பியே (செல்லில் அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) இல்லாத வோல்களை மரபணுத் திருத்தம் செய்து உருவாக்கிப் பார்த்தார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன, தாய்கள் குட்டி போட்டுப் பாலும் கொடுத்தன. பிறவியிலேயே ஏற்பி இல்லாததால் மூளை வேறு வழி பிடித்திருக்கலாம், அதனால் ஆக்ஸிடோசினுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'காதல் ஹார்மோன்' என்று தம்ப்நெயில் போடுகிறவர்கள் இந்த ஆய்வைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை என்று அடுத்த முறை அவர்கள் கமெண்டில் போய்க் கேளுங்கள்.